கட்டட வலிமை அறிந்தோர்: பள்ளிவாசல் வரலாற்றின் சில பக்கங்கள்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. சேலத்திலிருந்து நாமக்கல் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், நம் முன்னோர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சிறிய பள்ளிவாசல்கள் பல இன்று விரிவடைந்து வருகின்றன. மஹல்லா பெருகும்போது பள்ளியும் பெருக வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஆனால், பொதுக்குழுக்களில் எழும் பேச்சைச் சற்றுக் கவனியுங்கள். மேல்தளம் எப்போது போடுவது, மினாராவை எத்தனை அடி உயர்த்துவது, ஸஃப்பை முறிக்கும் நடுத்தூண்களை எப்படி எடுப்பது, டைல்ஸா மார்பிளா என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். இப்போது இருக்கும் அஸ்திவாரம் இவற்றையெல்லாம் தாங்குமா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. சில ஊர்களில் வருவதே இல்லை. அதற்கு விடை சொல்லக்கூடியவர் கட்டமைப்புப் பொறியாளர், அதாவது மக்கள் வழக்கில் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர். இந்த அறிவுக்கும் நம் வரலாற்றுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

தொடக்கம் கஅபாவிலிருந்தே. நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயதாக இருந்தபோது, நுபுவ்வத்துக்கு ஐந்தாண்டுகள் முன்பு, வெள்ளத்தாலும் தீயாலும் பலவீனமுற்றிருந்த கஅபாவைக் குறைஷியர் இடித்துக் கட்ட முடிவு செய்தனர். அதுவரை அது ஏறத்தாழ ஒன்பது முழ உயரத்தில் கூரையின்றி இருந்தது. அதைப் பதினெட்டு முழமாக உயர்த்தி, கூரையும் போட விரும்பினர். குறைஷியர் வணிகத்தில் வல்லவர்கள். பெரிய கட்டடம் எழுப்பிப் பழகியவர்கள் அல்லர். அந்நாளில் ஷுஐபா துறையருகே உடைந்த ஒரு கப்பலின் மரங்களை வாங்கினர். பாகூம் என்னும் ரோமானியக் கைவினைஞரின் துணையையும் பெற்றனர் என்று மக்காவின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவர் அந்த ஊரார் அல்லர். அந்தக் குலத்தாரும் அல்லர். ஆயினும் தொழில் அறிந்தவர். கல் வரிசையும் மர வரிசையும் மாறி மாறி வைத்துச் சுவர் எழுந்தது. கூரையைத் தாங்க உள்ளே இரு வரிசையில் ஆறு தூண்கள் நிறுத்தப்பட்டன. கூரை என்ற புதிய பாரம் வந்தவுடன் அதைத் தாங்கும் தூணும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பணியில் இன்னொரு செய்தி உண்டு. ஹலாலான பணம் மட்டுமே செலவழிப்பது என்று அவர்கள் உறுதி பூண்டிருந்தனர். அந்தப் பணம் போதவில்லை. கல்லைக் குறைக்கவில்லை, மரத்தைக் குறைக்கவில்லை, கட்டடத்தின் நீளத்தையே குறைத்தனர். இன்று ஹாஜிகள் காணும் ஹத்தீம் என்ற அரைவட்டப் பகுதி அப்படி வெளியே விடப்பட்டதுதான். பணம் போதாதபோது கம்பியின் கனத்தைக் குறைத்துவிட்டுச் சதுர அடியைக் குறைக்காத நம் காலத்து வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றுகிறது.

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் மஸ்ஜிதுன் நபவீ கட்டப்பட்டது. அண்ணலார் (ஸல்) தாமே கல் சுமந்தார்கள் என்பது நாமெல்லாம் அறிந்தது. அந்தப் பணி நடந்த நாளில் யமாமாவிலிருந்து பனூ ஹனீஃபா குலத்தைச் சேர்ந்த தல்க் இப்னு அலீ (ரலி) அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர் மண்வெட்டியை எடுத்துக் களிமண் குழைத்த விதம் நபியவர்களுக்குப் பிடித்துவிட்டது. உங்களில் மண்ணின் பக்குவம் நன்கு அறிந்தவர் இவரே, ஆகவே அந்த வேலையை இவரிடமே விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் தோழர்களிடம் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்றோர் இருந்த ஜமாஅத் அது. மார்க்கத்தில் முந்தியவர், வயதில் மூத்தவர், குலத்தில் பெரியவர் என்று பாராமல், மண் வேலை மண் அறிந்தவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின் வருவோம். உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிஃமார் ஸினான் பற்றி மதரஸா மாணவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பர். இவர் படையில் பொறியாளராகத் தொழில் கற்றவர். 1538 ஆம் ஆண்டுப் படையெடுப்பில் புரூத் ஆற்றின் குறுக்கே சில நாட்களில் பாலம் கட்டிக் கொடுத்து சுல்தான் சுலைமானின் பாராட்டைப் பெற்றார். மறு ஆண்டு தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. 1588 இல் மறையும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு, மூன்று சுல்தான்களின் கீழ் பணியாற்றினார். இஸ்தான்பூலின் சுலைமானிய்யா, எதிர்னேயின் ஸலீமிய்யா ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் இங்கே சொல்ல விரும்புவது அவர் கட்டியதை அல்ல, பழுது பார்த்ததை.

அயா சோஃபியா என்னும் பெருங்கட்டடம் கி.பி. 532 முதல் 537 வரை, பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டீனியன் காலத்தில் தேவாலயமாக எழுந்தது. அதை வகுத்த அந்தீமியஸ், இசிதோர் இருவரும் கணித மேதைகள். சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குப்பாவை நான்கு பெருந்தூண்களின் மீது ஏற்றினர். ஆனால் முதலில் கட்டிய குப்பா சற்றுத் தட்டையாக இருந்தது. இரண்டு மூங்கில்களைத் தலையோடு தலை சேர்த்துச் சாய்த்து நிறுத்திப் பாருங்கள். நன்றாக உயர்த்தி நிறுத்தினால் நிற்கும். தாழ்த்தி விரித்தால் அடிகள் வெளிப்புறமாக வழுக்கிக்கொண்டு போகும். குப்பாவும் அப்படித்தான். அதன் பாரம் கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். தட்டையாக ஆக ஆக அந்தத் தள்ளல் கூடும். நிலநடுக்கங்களால் தளர்ந்த அந்தக் குப்பா 558 இல் இடிந்து விழுந்தது. மூத்த இசிதோரின் உறவினரான இளைய இசிதோர், தவறு எங்கே என்று கண்டு, முன்னதைவிட ஏறத்தாழ 20 அடி உயர்த்திப் புதிய குப்பாவை 562 இல் முடித்தார். பிறகும் பத்தாம் நூற்றாண்டில் ஒரு பகுதியும், பதினான்காம் நூற்றாண்டில் ஒரு பகுதியும் விழுந்து, செப்பனிடப்பட்டன.

1453 இல் சுல்தான் இரண்டாம் முஹம்மத் நகரை வென்றபின் அது பள்ளிவாசலாயிற்று. அடுத்த நூற்றாண்டில் அதன் சுவர்கள் வெளிப்புறமாகச் சாயத் தொடங்கியிருந்தன. போதாக்குறைக்கு, சுவரை ஒட்டியே மக்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். 1573 இல் சுல்தான் இரண்டாம் ஸலீமின் ஆணையின் பேரில் ஸினான் கட்டடத்தை ஆராய்ந்தார். அப்போது அவர் முதிர்ந்த வயதினர். தம் பெயர் சொல்லும் கட்டடங்களை ஏற்கெனவே எழுப்பி முடித்தவர். தம் பெயர் பொறிக்கப்படாத, பிறர் கட்டிய ஒரு கட்டடத்துக்காக, முதலில் அதை நெருக்கிக்கொண்டிருந்த வீடுகளை அகற்றச் செய்தார். பிறகு குப்பாவின் தள்ளலை எதிர்த்துத் தாங்கும்படி வெளிப்புறத்தில் கனத்த முட்டுச்சுவர்களை எழுப்பி வலுவூட்டினார். அந்த முட்டுக்கள் கட்டடத்தின் அழகைக் குறைத்துவிட்டன என்று கூறும் கலை விமர்சகர்கள் இன்றும் உள்ளனர். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் அழகு குறைந்த அக்கட்டடம் நானூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறது.

1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல் மஜீத் காலத்தில் ஃபொஸ்ஸாத்தி சகோதரர்கள் குப்பாவின் அடியைச் சுற்றி இரும்புச் சங்கிலி பூட்டினர். சாய்ந்த தூண்களை நிமிர்த்தினர். 1935 இல் அருங்காட்சியகமாகி, 2020 இல் மீண்டும் பள்ளிவாசலான பின்னரும், நிலநடுக்கத்தைத் தாங்குமாறு வலுவூட்டும் பணிகள் தொடர்கின்றன. ஒரு கட்டடம் கட்டி முடிந்ததும் பொறியாளரின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு 1400 ஆண்டுகளைத் தாண்டிய சாட்சி இது.

ஸினானின் காலத்தில் அழகை வகுப்பவரும் வலிமையைக் கணக்கிடுபவரும் ஒருவரே. நம் காலத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன. கட்டட வடிவமைப்பாளர் வேறு, கட்டமைப்புப் பொறியாளர் வேறு. இந்த இரண்டாம் துறையில் இருபதாம் நூற்றாண்டு கண்ட மிகப் பெரிய பெயர்களுள் ஒன்று நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிமுடையது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1929 இல் டாக்காவில் பிறந்தார். கல்கத்தா அருகே சிப்பூர் பொறியியல் கல்லூரியில் படித்து, பிரிவினைக் காலக் கலவரத்தின் காரணமாக டாக்கா அஹ்ஸனுல்லாஹ் கல்லூரியில் படிப்பை நிறைவு செய்தார். 1952 இல் அமெரிக்கா சென்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டுகளில் இரு முதுகலைப் பட்டங்களும் முனைவர் பட்டமும் பெற்றார். அதுவரை உயரக் கட்டடங்களில் பாரத்தை உள்ளே வரிசை வரிசையாக நிற்கும் தூண்களே தாங்கின. உயரம் கூடக் கூட, காற்றின் தள்ளலைச் சமாளிக்க இரும்பும் கூடிக்கொண்டே போயிற்று. கான், கட்டடத்தின் வெளிச்சுற்றையே ஒரு குழாய் போலாக்கினார். மூங்கில் உள்ளீடற்றது, ஆனாலும் காற்றில் ஒடிவதில்லை. சிகாகோவில் 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடம் 1969 இல் நிறைவுற்றது. ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டிய 110 மாடி சியர்ஸ் கோபுரம் 442 மீட்டர் உயரத்தில் 1973 இல் உச்சியை எட்டியது. இப்போது வில்லிஸ் கோபுரம் என்று அழைக்கப்படும் அது, கால் நூற்றாண்டு காலம் உலகின் மிக உயர்ந்த கட்டடமாக இருந்தது. நாம் மனத்தில் கொள்ள வேண்டியது உயரத்தை அல்ல. பழைய முறையில் கட்டியிருந்தால் தேவைப்பட்டிருக்கும் இரும்பைவிட மிகக் குறைவான இரும்பில் அவர் அவற்றை நிறுத்தினார். பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு என்று நினைக்கும் நிர்வாகிகளுக்காகவே இதைச் சொல்கிறேன்.

நம் வட்டாரத்து ஹாஜிகளில் பலர் அவருடைய இன்னொரு பணியின் நிழலில் அமர்ந்து வந்தவர்கள். யாருடைய பணி என்று அறியாமலே. ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் வெள்ளைக் கூடாரங்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1981 இல் திறக்கப்பட்ட அம்முனையத்தில் 210 கூடாரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உடையது. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய துணி அது. உயர்ந்த எஃகுத் தூண்களிலிருந்து கம்பி வடங்களால் அது இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிட்டு, சூடான காற்றை நடுவிலுள்ள திறப்பு வழியே மேலேற்றி விடுகிறது. ஒரே நேரத்தில் 80,000 பேர் தங்கும் வகையில் திட்டமிடப்பட்டது. துணிக்கூரை என்பதால் பாரம் குறைவு. ஆனால் இழுவிசை மிக அதிகம். நடுவிலுள்ள தூண்களை இருபுறக் கூடாரங்களும் சமமாக இழுப்பதால் ஒற்றைத் தூண் போதும். ஓரத்தில் ஒரு பக்க இழுப்பு மட்டுமே இருப்பதால் அங்கே இரட்டைத் தூண்கள், மூலைகளில் நான்கு நான்காக. மீண்டும் செல்வோர் நிமிர்ந்து பார்த்தால் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே படிக்கலாம். கான் அவர்கள் 1982 மார்ச்சில் அதே ஜித்தாவில் மாரடைப்பால் காலமானார். அடுத்த ஆண்டு அம்முனையத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது வழங்கப்பட்டது.

சிகாகோவையும் ஜித்தாவையும் பேசுவது எளிது. நம் மாநிலத்துக்கு வருவோம். 2014 ஜூன் 28 அன்று சென்னை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளர்கள். முதலில் இடி விழுந்ததாகச் சொல்லப்பட்டது. பின்னர் அரசு அமைத்த நீதிபதி ரகுபதி விசாரணை ஆணையம் கட்டமைப்பு வடிவமைப்பிலேயே குறை இருந்ததைச் சுட்டியது. அருகில் நின்ற அதே மாதிரியான மற்றொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து வியந்தோம். நம் பள்ளிவாசல்களோடு அதைப் பொருத்திப் பார்த்தோமா?

நாமக்கல் வட்டாரத்தாருக்குப் பாரக் கணக்குப் புதிதல்ல. லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் பெயர் பெற்ற மாவட்டம் இது. எத்தனை டன் வண்டிக்கு எத்தனை ஆக்சில், பட்டை எத்தனை என்று சிறுவனும் சொல்வான். பத்து டன் வண்டியில் இருபது டன் ஏற்றினால் என்னாகும் என்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதே மனிதர்கள்தாம் பள்ளிவாசலின் மொட்டை மாடி மீது இன்னொரு மாடியை ஏற்றும்போது கணக்குக் கேட்பதில்லை.

கணக்கு இதுதான். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் நூறு சதுர அடிக்குச் சுமார் மூன்று டன் எடை வரும். ஆள், பாய், சுவர் எல்லாம் அதன்மேல் வருபவை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 விதிநூல், வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் தாங்குமாறு வடிவமைக்கச் சொல்கிறது. நிலையான இருக்கை இல்லாமல் மக்கள் கூடும் மண்டபத்துக்கு அதே விதிநூல் 500 கிலோ என்கிறது. பள்ளிவாசல் இந்த இரண்டாம் வகை. நம் ஊர்களில் நல்ல அனுபவமுள்ள மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறனை நான் குறை கூறவில்லை. ஆனால் அவர்கள் வாழ்நாளெல்லாம் கட்டியது வீடு. வீட்டுக்குப் போட்ட தூணையும் கம்பியையும் பள்ளிவாசலுக்கும் போட்டால், இரண்டரை மடங்கு வித்தியாசம் எங்கே போகும்?

மொட்டை மாடியின் நிலை இன்னும் மோசம். ஆட்கள் ஏறி இறங்கும் மாடிக்கு அதே விதிநூல் சொல்வது 150 கிலோ மட்டுமே. பெருநாளிலும் ரமலான் கடைசி ஜும்ஆவிலும் உள்ளே இடமின்றி மாடியில் ஸஃப்பு நிற்கிறோம். வரிசையாக நிற்கும்வரை பெரிய நெருக்கடி இல்லை. ஸலாம் கொடுத்ததும் எல்லோரும் படிக்கட்டு வாயிலில் ஒரே இடத்தில் நெருக்குகிறார்களே, அப்போதுதான் ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் நிற்பர். பக்கத்திலேயே 5,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது தனியே ஐந்து டன்.

நடுத்தூண் விஷயத்தில் நம் ஆர்வம் மார்க்க அடிப்படையிலானது. தூண்களுக்கு இடையே ஸஃப்பு முறிவதை நல்லோர் விரும்பியதில்லை. ஆனால் ஒரு தூணை எடுத்தால் பீமின் இடைவெளி இருமடங்காகும். இடைவெளி இருமடங்கானால் பீமை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். இன்னொரு நுட்பமும் உண்டு. தூணின் மேல் வரும் இடத்தில் பீமின் மேற்புறத்தில்தான் கம்பி அதிகம் இருக்கும், ஏனெனில் அங்கே இழுவிசை மேலே இருக்கிறது. தூணை எடுத்தவுடன் இழுவிசை கீழ்ப்புறத்துக்கு மாறும். அங்கே போதிய கம்பி இராது. அன்றே விழும் என்று இல்லை. மெல்ல வெடிப்பு விடும். அதைப் பூசி வெள்ளையடித்துவிடுவோம். எடுக்கவே கூடாதென்பதல்ல, தூணை எடுத்து எஃகு பீம் கொடுத்துத் தாங்கச் செய்யும் வழிகள் இருக்கின்றன. அதைச் சொல்ல வேண்டியவர் கணக்குப் போடத் தெரிந்தவர்.

மதரஸாவில் ஹிதாயா ஓதியவர்களுக்கு, தியத் பாடத்தில் சாய்ந்த சுவர் பற்றி ஒரு தனிப் பகுதி இருப்பது நினைவிருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இமாம் மர்கீனானீ (ரஹ்) எழுதியது. ஒருவருடைய சுவர் பொது வழியின் பக்கம் சாய்கிறது; அதை இடிக்குமாறு சாட்சிகளோடு அவரிடம் கேட்கப்படுகிறது; இடிக்கக்கூடிய அவகாசம் இருந்தும் விட்டுவைக்கிறார்; அது விழுந்து உயிரோ பொருளோ போனால் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது ஹனஃபீ ஃபிக்ஹின் தீர்ப்பு. கட்டும்போதே சாய்வாகக் கட்டியிருந்தால் எச்சரிக்கைகூடத் தேவையில்லை. பொறுப்பு நேரே அவர் மீது வரும். மாணவப் பருவத்தில் இதைத் தேர்வுக்காக மனனம் செய்தோம். வெடித்த பீமின் கீழ் நூறு பேரை நிறுத்தி இமாமத் செய்யும்போது இது வேறு விதமாக ஒலிக்கிறது. வக்ஃப் சொத்தில் முதவல்லியும் நிர்வாகக் குழுவும் அமானிதம் ஏற்றவர்கள். எச்சரிக்கப்பட்ட பின்னும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அரசும் இப்போது இதை விட்டுவிடவில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 கட்டமைப்புப் பொறியாளரைத் தனியே பதிவு செய்யப்பட வேண்டிய தொழில் வல்லுநராக அங்கீகரிக்கிறது. பழைய கட்டடமானால் அவர் வந்து பார்க்கும் வேலை ஒரு நாளில் முடிவதல்ல. அஸ்திவாரத்தின் ஒரு பக்கத்தைத் தோண்டி அதன் ஆழமும் அகலமும் காண்பார். மண்ணைச் சோதிக்கச் சொல்வார். நம் பகுதியில் மண் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பதை விவசாயிகள் அறிவர். சுத்தியல் போன்ற கருவியால் கான்கிரீட்டின் கடினத்தைத் தட்டிப் பார்ப்பார். தேவைப்பட்டால் சிறு உருளையாகத் துளையிட்டெடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவார். கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று காண்பார். இறுதியில் மேல்தளம் கூடாது என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் வேறொருவரைத் தேடிப் போகாமல் அந்த அறிக்கையைப் பொதுக்குழுவில் வாசித்துக் காட்டும் துணிவு நிர்வாகிகளுக்கு வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம் பகுதியின் பழைய பள்ளிகளில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்: எந்த ஆண்டு அடிக்கல் நாட்டினார்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கல்வெட்டிலேயே இருக்கும். தூணுக்குள் எத்தனை கம்பி, அஸ்திவாரம் எத்தனை அடி என்று கேட்டால் சொல்வாரில்லை. கட்டிய மேஸ்திரி மவுத்தாகியிருப்பார். வரைபடம் யார் வீட்டிலோ போயிருக்கும். இனி எழும் கட்டடத்துக்காவது, பொறியாளர் ஒப்பமிட்ட வரைபடம், மண் சோதனை அறிக்கை, கம்பி கட்டிக் கான்கிரீட் போடும் முன் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை வக்ஃப் பத்திரங்களோடு ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டி, ஒவ்வொரு நிர்வாகமும் அடுத்த நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் வழக்கத்தை நம் ஜமாஅத் இந்த ஆண்டே தொடங்கலாம். அந்தப் பெட்டிக்கு ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.